ஒரு நாட்டோட சிடிசி பெருசு, கைக்கு வர்றது எவ்வளவு?

ஆஃபர் லெட்டர்ல சிடிசி 12 லட்சம்னு இருக்கும். மாசாமாசம் அக்கவுண்ட்ல வர்றது வேற நம்பர். நாடுகளுக்கும் இந்தக் கதை உண்டு.

மத்திய ஆப்பிரிக்காவில் இருக்கும் ஈக்வடோரியல் கினியாவை எடுத்துக்கங்க. மக்கள்தொகை 20 லட்சத்துக்கும் குறைவு. 1968-ல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை. 1995-ல் கடலுக்கு அடியில் சஃபிரோ என்ற பெரிய எண்ணெய் வயல் கிடைத்தது. சில வருஷத்திலேயே தலா வருமானத்தில் ஆப்பிரிக்காவின் முன்வரிசைக்கு வந்துவிட்டது.

சராசரி சொல்லாத விஷயம்

தலா வருமானம்னா மொத்த வருமானத்தை ஆள் எண்ணிக்கையால வகுத்தா வர்ற நம்பர். பணம் யார் கைக்குப் போச்சுன்னு அது சொல்லாது. 1979-ல் ஆட்சியைக் கவிழ்த்து வந்த ஒபியாங்தான் இன்னும் அதிபர். மகன் துணை அதிபர். பொதுப் பணத்தில் சொத்து சேர்த்ததாக அந்த மகனைக் குற்றவாளி என்று 2017-ல் பாரிஸ் நீதிமன்றம் அறிவித்தது. 2021-ல் அது உறுதியானது. ஆனா, எண்ணெய்க் காசு வந்த பிறகும் சாதாரண மக்களில் பலருக்கு வறுமை தீரல.

ஒரே வருமானம்

ஏற்றுமதியில் பெரும்பகுதி எண்ணெயும் எரிவாயுவும்தான். 2014-ல் விலை சரிந்தது, பழைய வயல்களில் உற்பத்தியும் குறைந்தது. பொருளாதாரம் வருஷக்கணக்கில் சுருங்கியது. 2019-ல் ஐ.எம்.எஃப். கடனுக்குப் போக வேண்டியதாச்சு.

அடுத்த தடவை 'பணக்கார நாடு'ன்னு ஒரு தலைப்பைப் பார்த்தா ரெண்டு கேள்வி கேளுங்க. பணம் யாருக்குப் போகுது? அது நின்னா வேற என்ன இருக்கு? ரெண்டாவது கேள்வியை உங்க சம்பளத்துக்கும் இன்னிக்கே கேட்டுப் பாருங்க.