உணவுப் பொருள்களிற் கலப்படத்தை வீட்டிலேயே சோதித்தல்

கண்டிச் சந்தைக்கு மரக்கறி கொண்டு செல்லும் நீங்கள், திரும்பும்போது அங்கேயே மிளகாய்த் தூளும் தேங்காயெண்ணெயும் வாங்கி வருகின்றீர்கள். ஆகையாற் கலப்படம் உங்களை இருவகையில் வருத்துகின்றது: உங்கள் குடும்பத்தின் உடல்நலம் கெடுகின்றது, உங்கள் தூய விளைபொருளின் மதிப்பும் தாழ்கின்றது. பின்வரும் சோதனைகள் எளியவை; செய்து பாருங்கள்.

மிளகாய்த் தூள்: ஒரு கண்ணாடிக் குவளை நீரின்மேல் ஒரு தேக்கரண்டி தூளைத் தூவுக. செங்கற்பொடியோ மணலோ இருப்பின் விரைவில் அடியிற் படியும். படிந்ததை விரலாற் தேய்த்தால் நறநறக்கும். நீரிற் கரையும் சாயம் இருப்பின், நிறக்கோடுகள் கீழ்நோக்கி இறங்கும்.

மிளகு: நன்கு முற்றிய மிளகு நீரில் அமிழும், பப்பாசி விதை மிதக்கும். ஆயினும் மிதப்பனவெல்லாம் பப்பாசி விதையென முடிவு செய்யற்க. முற்றாமற் பறித்த மிளகும் மிதக்கும். மிதந்தவற்றை எடுத்து நோக்குக. பப்பாசி விதை சுருங்கி, நீள்வட்டமாய், பச்சை கலந்த கபில நிறமாயிருக்கும். உங்கள் மிளகு வீண்பழிக்கு ஆளாகாதிருக்க, கொத்தில் ஓரிரு மணிகள் பழுத்த பின்னரே பறியுங்கள்.

தேங்காயெண்ணெய்: குளிர்ப்பெட்டியில் வைத்தால் தேங்காயெண்ணெய் உறையும், உறையாது பிரிந்து நிற்பது வேறெண்ணெயாகலாம். பாம் எண்ணெயும் குளிரில் ஓரளவு உறைவதால், உறைந்தது யாவும் தூயதென்று கொள்ளற்க.

பால்: சிறிதளவு பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஓரிரு துளி அயடீன் இடுக. மாப்பொருள் சேர்ந்திருப்பின் நீலநிறம் தோன்றும். சோதித்த பாலைக் கொட்டிவிடுக. மஞ்சளில் மாப்பொருள் இயற்கையாகவே உள்ளதால், அதற்கு இச்சோதனை பயன்படாது.

மஞ்சள்: சில நாடுகளில் மஞ்சளுக்கு நிறமூட்ட ஈயக் குரோமேற்றுச் சேர்த்தமை கண்டறியப்பட்டுள்ளது. ஈயம் சிறுவரின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இதனை உறுதியாய் அறிய ஆய்வுகூடமே வேண்டும். ஆதலால் தோட்டத்தில் நாலைந்து பாத்தி மஞ்சள் நட்டு, அவித்து உலர்த்தி, வீட்டிலேயே இடித்துக்கொள்வது மேல்.

வீட்டுச் சோதனை ஐயத்தை எழுப்புமேயன்றித் தீர்ப்புக் கூறாது. எனவே கடைக்காரரோடு வாதாடாது, எஞ்சிய பொருளை உறையுடனும் பற்றுச்சீட்டுடனும் வைத்துக்கொண்டு, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். நகர எல்லைக்குள் வாங்கியதாயின் கண்டி மாநகர சபையின் சுகாதாரப் பகுதிக்கு அறிவிக்கலாம். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் கலப்பட உணவை விற்பதைத் தடை செய்கின்றது. அச்சட்டப்படி அதிகாரிகள் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்புவர். வழக்கிற்கு உதவுவது அவ்வறிக்கையே.

பிறர் கலப்படத்தை ஆராயும் நாம், நம் மூடையிலும் கல்லும் பதரும் புகாது காப்போமாக. சுத்தமான விளைபொருளே கமக்காரரின் நற்பெயர்.