ஊருக்குத் திரும்பும் முன் வேலை

நம் மொழிக்கழகத்தில் என்னோடு பொறுப்பில் இருந்த நண்பர்களில் பெரும்பாலோர் இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில்தான் இருக்கின்றனர். பெற்றோரோ புந்தோங்கிலும் செமோரிலும் சுங்கை சிப்புட்டிலும் தனியாக வாழ்கின்றனர். தீபாவளி விருந்தில் கூடும்போதெல்லாம் யாராவது ஒருவர், “பேசாமல் ஊருக்கே போய்விடலாமா?” என்று கேட்பார். அடுத்த வருடமும் அதே கேள்வி அதே இடத்தில் எழும். பெட்டாலிங் ஜெயாவில் ஒன்பது ஆண்டுகள் கணக்குத் துறையில் இருந்துவிட்டு நான் புந்தோங்கிற்குத் திரும்பியவன். வேலையைக் கையில் பிடித்த பிறகே கிளம்பினேன். அதை எப்படிச் செய்வது என்பதை மாணவ நண்பர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் சொல்லவே இக்கட்டுரை.

நம் குடும்பங்களுக்கு இடம்பெயர்வு புதிதன்று. தோட்டத் துண்டாடலின் போதும், பின்னர் ரப்பர் அழிந்து செம்பனை வந்தபோதும், பேராக் தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் ஈப்போவின் ஓரங்களுக்கு வந்து சேர்ந்தன. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. வேலை போனால் லயத்து வீடும் போகும். துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்குப் பின்னால் இருந்த அச்சமும் இதுதான். நம் நிலை அதற்கு நேர்மாறானது. ஊரில் அப்பா கட்டிய வீடு இருக்கிறது, வேலைதான் இல்லை. தங்க இடம் இருக்கிறதே என்ற தைரியத்தில் பலர் முதலில் வேலையை விட்டுவிட்டு, “போய்த் தேடிக் கொள்ளலாம்” என்று கிளம்பி விடுகின்றனர்.

இதில் உள்ள சிக்கலைச் சட்டத்தின் பக்கத்திலிருந்து பாருங்கள். சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. வேலை இழந்தவருக்குச் சில மாதங்களுக்கு அது உதவித்தொகை தரும். ஆனால் தானாக விலகியவருக்கு அது கிடையாது. மாதந்தோறும் சந்தா கட்டியிருந்தாலும், அம்மாவைப் பார்த்துக் கொள்ள விலகினேன் என்றால் அந்தக் கதவு திறக்காது. இன்னொன்றும் உண்டு. வேலையில் இருப்பவர் சம்பளம் பேசுவதற்கும், மூன்று மாதம் சும்மா இருந்தவர் பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டை எந்த முதலாளியும் முதல் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்து விடுவார்.

முதலில் பார்க்க வேண்டியது இருக்கும் வேலையைத்தான். 2023 ஜனவரி முதல் வேலைவாய்ப்புச் சட்டத்தில் ஒரு புதிய உரிமை சேர்ந்துள்ளது. வேலை நேரம், வேலை நாள், வேலை இடம் ஆகியவற்றை மாற்றித் தருமாறு எழுத்து வழி விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்து வழி பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கட்டாயம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றில்லை. என் நிறுவனம் மறுத்துவிட்டது. ஆனால் என் நண்பர் ஒருவருக்கு வாரம் ஒரு நாள் மட்டும் தலைநகர் வந்தால் போதும் என்று அனுமதி கிடைத்தது. 2010இல் தொடங்கிய இடிஎஸ் மின்ரயில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குக் கொண்டு சேர்ப்பதால் இது நடக்கக்கூடிய காரியமே. நேர்முகத் தேர்வுகளுக்கும் இதே ரயில்தான் எனக்குக் கைகொடுத்தது. ஒரு நாள் விடுப்பில் போய் வந்துவிடலாம்.

அடுத்து, எங்கே தேடுவது? ‘ஈப்போ’ என்று மட்டும் தட்டினால் பட்டியல் சிறியதாகத்தான் வரும். புந்தோங்கை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். ஈப்போவிலேயே யூனிசெம், கார்செம் போன்ற மின்னியல் தொழிற்சாலைகள் உள்ளன. பத்து காஜாவில் ரயில் பெட்டித் தொழிற்சாலை 2015 முதல் இயங்குகிறது. கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம், துரோனோவில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம் இருக்கின்றன. பல்கலைக்கழகம் என்றால் விரிவுரையாளர் மட்டுமல்லர். கணக்கர், நூலகர், ஆய்வுக்கூடப் பணியாளர் எல்லாரும் வேண்டும். ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் மாற்றல் விண்ணப்பம் என்ற தனி வழி உண்டு. அதற்குப் பொறுமைதான் முதலீடு.

சிறிய நிறுவனங்கள் விளம்பரம் செய்வதே இல்லை. செமோர், சுங்கை சிப்புட் பக்கம் ஆள் தேவையென்றால், இருக்கும் பணியாளரிடம் “உனக்குத் தெரிந்த பிள்ளை இருக்கிறதா?” என்று கேட்பதோடு சரி. எனக்கு வேலை கிடைத்ததும் அப்படித்தான். கோயில் திருவிழாவில் என் சித்தப்பா ஒருவரிடம் சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஒரு செம்பனை ஆலை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. (கிராணியாரைக் கண்டாலே துண்டை இடுப்பில் கட்டிய தாத்தா இன்று இருந்திருந்தால் சிரித்திருப்பார்.) விண்ணப்பத்தில் பெட்டாலிங் ஜெயா முகவரியைப் போடாமல் புந்தோங் வீட்டு முகவரியைப் போட்டேன். தலைநகர்க்காரன் இரண்டு மாதத்தில் ஓடிவிடுவான் என்ற சந்தேகம் சிறு ஊர் முதலாளிகளுக்கு நிறைய உண்டு, அது நியாயமானதும்கூட.

சம்பளம் குறையும். இதை மறைத்துப் பயனில்லை. குறைந்தபட்ச ஊதியம்கூட 2020இல் நகர்ப்பகுதிக்கு 1,200 ரிங்கிட், பிற இடங்களுக்கு 1,100 ரிங்கிட் என்றுதான் இருந்தது. 2022இல் 1,500 ஆனபோது ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் அந்த வேறுபாடு நீங்கியது. ஆனால் பட்டதாரி சம்பளத்தில் இடைவெளி அப்படியே இருக்கிறது. என் கணக்கைச் சொல்கிறேன். 4,200 ரிங்கிட்டிலிருந்து 3,100க்கு இறங்கினேன். அங்கே சேமநிதியும் சொக்சோவும் போகக் கையில் ஏறக்குறைய 3,700. அறை வாடகை, கடைச்சாப்பாடு, டோல், மாதம் இரு முறை ஊர்ப்பயணம் என்று 2,450 கரைந்துவிடும், மிச்சம் 1,250. இங்கே கையில் 2,730. வீட்டுச் செலவுக்குத் தருவது, பெட்ரோல், மதியச் சாப்பாடு எல்லாம் 1,350, மிச்சம் 1,380.

பரவாயில்லையே என்று தோன்றுகிறதல்லவா? நண்பர்கள் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். ஊழியர் சேமநிதிக்கு நாம் 11 விழுக்காடு, முதலாளி 13 விழுக்காடு செலுத்துகிறோம். 4,200க்கு அது மாதம் 1,008 ரிங்கிட். 3,100க்கு 744 மட்டுமே. மாதம் 264, வருடம் 3,168 ரிங்கிட் முதுமைக்காலச் சேமிப்பிலிருந்து சத்தமின்றிக் குறைகிறது. மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை நானே சேமநிதியில் கூடுதலாகப் போடுகிறேன். கார் இல்லாமல் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். தோட்டப்புற ஆலை வாசலுக்குப் பேருந்து போகாது. சனிக்கிழமை அரைநாள் வேலை உண்டா என்பதையும் நேர்முகத் தேர்விலேயே கேட்டுவிடுங்கள். இங்கே பல இடங்களில் உண்டு.

நியமனக் கடிதம் கையில் வரும்வரை விலகல் கடிதம் கொடுக்க வேண்டாம். தொலைபேசியில் “வந்து சேருங்கள்” என்பது நியமனம் ஆகாது. கடிதத்தில் சம்பளம், தொடங்கும் நாள், சோதனைக்காலம் மூன்றும் இருக்கட்டும். பழைய நிறுவனத்துடனான ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் குறிக்கப்படவில்லை என்றால் சட்டம் சொல்வதே கணக்கு: இரண்டு ஆண்டுக்குக் குறைவென்றால் 4 வாரம், ஐந்து ஆண்டுக்குக் குறைவென்றால் 6 வாரம், அதற்கு மேல் 8 வாரம். புதிய முதலாளியிடம் தொடங்கும் நாளைப் பேசும்போது இந்த வாரங்களை எண்ணிச் சொல்லுங்கள். ஆலையில் என்னை அடுத்த மாதமே வரச் சொன்னார்கள். எட்டு வாரம் ஆகும் என்றேன், காத்திருந்தார்கள்.