மெட்ரோ கேட்கும் முன் ஒரு நகல் கேளுங்கள்

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலக வரிசையில் நின்றால் இந்த மனு கண்ணில் படாமல் போகாது: ‘எங்கள் பகுதிக்கு மெட்ரோ ரயில் வேண்டும்.’ ஒரே வரி, கீழே நாற்பது கையெழுத்து. முத்திரை குத்தி வாங்கிக்கொள்வார்கள். அத்தோடு சரி. மெட்ரோவுக்கு அனுமதி தரும் அதிகாரம் கலெக்டருக்கு இல்லை.

கோவை, மதுரை மெட்ரோ திட்டங்களை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. மெட்ரோவுக்கு 20 லட்சம் பேர் வேண்டும்; 2011 கணக்கெடுப்பின்படி அங்கே அத்தனை பேர் இல்லையாம். பதினான்கு வருஷப் பழைய கணக்கு! அதே கணக்கில் 20 லட்சத்தைத் தொடாத ஆக்ராவிலும் போபாலிலும் மெட்ரோ ஓடுகிறது. கோபம் நியாயம்தான். ஆனால் ‘மெட்ரோ கொடு’ என்பதைத் தாண்டி நாம் எதுவும் கேட்பதில்லை.

எந்த ஊருக்கு எந்த ரயில் என்பதை ஊரின் பெருமை தீர்மானிப்பதில்லை. காலை நெரிசலில், ஒரு மணி நேரத்தில், ஒரே திசையில் எத்தனை பேர் போகிறார்கள் என்பதுதான் கணக்கு. சுமார் 8,000 பேர் வரை என்றால், மேலே மின்கம்பியோடு ரப்பர் சக்கரத்தில் ஓடும் மெட்ரோ நியோ போதும். 15,000 வரை தரையிலேயே தனிப் பாதையில் ஓடும் மெட்ரோலைட். அதையும் தாண்டினால்தான் தூண், சுரங்கம் என்ற பெருஞ்செலவுக்கு அர்த்தம் உண்டு.

தப்பாகத் தேர்ந்தால் என்ன ஆகும்? மும்பை மோனோரயில் 2014-இல் தொடங்கியது. பல வருஷம் போதிய ஆள் இல்லாமல் ஓடியது. 2025 ஆகஸ்டில் ஒரு மழை நாளில் கூட்டம் ஏறியதும் பாரம் தாங்காமல் நடுவழியில் நின்றது. ஏணி வைத்து ஆட்களை இறக்கினார்கள். சென்னை பறக்கும் ரயிலோ, 1995-இல் வந்தும், பஸ்ஸோடு சரியாகச் சேராத நிலையங்களால் இன்றும் திணறுகிறது.

2017 மெட்ரோ ரயில் கொள்கைப்படி, மெட்ரோ கேட்கும் மாநிலம் பஸ், டிராம், இலகு ரயில் எல்லாவற்றையும் ஒப்பிட்டு ‘மாற்று வழிகள் ஆய்வறிக்கை’ தர வேண்டும். உங்கள் ஊருக்கு எது பொருந்தும் என்ற விவாதமே அதில்தான் இருக்கிறது. படித்தவர் எத்தனை பேர்?

அதைப் பெறும் வழி இது:

1. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் வெள்ளைத்தாளில் எழுதுங்கள். தனிப் படிவம் தேவையில்லை. 10 ரூபாய் கட்டணம் செலுத்துங்கள்.

2. பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம், நந்தனம், சென்னை. கோவை, மதுரை அறிக்கைகளைத் தயாரித்தது அந்த நிறுவனம்தான். தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், பிரிவு 6(3)-இன்படி 5 நாளுக்குள் அவர்களே அங்கே அனுப்ப வேண்டும்.

3. ‘ஏன் மெட்ரோ வரவில்லை?’ என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கடமை இல்லை என்று தட்டிக் கழிப்பார்கள். ‘மாற்று வழிகள் ஆய்வறிக்கையில் பயணிகள் மதிப்பீடு, ஒப்பீட்டு அட்டவணை உள்ள பக்கங்களின் நகல் தருக’ என்று கேளுங்கள். முழு அறிக்கை கேட்டால், பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் பில் எகிறும்.

4. விரைவு அஞ்சலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மேல்முறையீட்டுக்கு அதுதான் சாட்சி. ரசீதைத் தொலைத்துவிட்டுப் புலம்புகிறவர்களே அதிகம்.

5. 30 நாளில் பதில் வர வேண்டும். தாமதமானால் நகல் இலவசம் (பிரிவு 7(6)). பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கெடு போனால் விளக்கம் சொல்லி மன்றாட வேண்டிவரும்.

நகல் கைக்கு வந்ததும் பயணிகள் எண்ணிக்கையைப் பாருங்கள். உங்கள் சாலைக்கு 6,000 என்று போட்டிருந்தால் மெட்ரோ கேட்டு மனு போடுவது வீண். பஸ் தனிப்பாதையோ நியோவோ கேளுங்கள். 20,000 என்றிருந்தால் அந்தப் பக்கத்தையே மனுவோடு இணையுங்கள்.

திரும்பவும் சொல்கிறேன்: ‘ஏன்’ என்று எழுதாதீர்கள். நகல் கேளுங்கள்.