ஹாட்யாய்க்குக் காரில் போகிறீர்களா?

பள்ளி விடுமுறை விட்டால் போதும், வடக்கு நெடுஞ்சாலையில் ஹாட்யாய் போகும் கார்கள் வரிசை கட்டும். எல்லைக்கு முன்னால் சங்லூனில் காரை நிறுத்தி, கடையில் தாய்லாந்துக் காப்புறுதி வாங்குவது பலருக்குப் பழக்கம். தாள் கைக்கு வந்ததும், இனிக் கவலையில்லை என்று கிளம்பிவிடுகிறோம்.

அது தாய்லாந்துச் சட்டம் கேட்கும் கட்டாயக் காப்புறுதி. விபத்தில் காயமோ உயிரிழப்போ ஏற்பட்டால் மட்டுமே உதவும். நம் கார் நசுங்கினாலும் களவு போனாலும் அதிலிருந்து ஒரு காசு வராது. நாம் இடித்த காரின் பழுதுக்கும் வராது.

"ஃபர்ஸ்ட் பார்ட்டி எடுத்திருக்கிறேனே!" என்பீர்கள். எடுத்து வாசித்துப் பாருங்கள். மலேசியக் கார் காப்புறுதி வழக்கமாக மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றோடு நின்றுவிடும். தாய்லாந்தைச் சேர்க்கக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும். பயணத் தேதிகளோடு எழுத்துப்பூர்வமாக வாங்க வேண்டும். விமான டிக்கெட்டோடு விற்கும் பயணக் காப்புறுதி வேறு. அது காருக்கு ஆகாது.

வழியில் மச்சான் கொஞ்ச நேரம் ஓட்டுவார் என்றால், ஓட்டுநர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கார் பழுதானால் இழுத்துவரும் லாரி எல்லை தாண்டி வருமா என்பதையும் முகவரிடம் கேளுங்கள். புறப்படுவதற்குச் சில நாள் முன்பே கேளுங்கள். சனிக்கிழமை இரவு சடாவிலிருந்து அழைத்தால் அவர் எடுக்கமாட்டார்.