லினக்ஸ் கம்ப்யூட்டரில் பேக்கப்: ஹோம் ஃபோல்டரை மறக்காதீர்கள்!

லினக்ஸில் வைரஸ் தொல்லை குறைவு என்பதால், ஃபைல்களுக்கு ஆபத்தே இல்லை என்று புதிய பயனாளர்கள் பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஹார்ட் டிஸ்க் பழுதானாலோ, லேப்டாப் திருடு போனாலோ எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டமும் உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றாது. லினக்ஸை மறுபடியும் இலவசமாக டவுன்லோட் செய்து கொள்ளலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோவை எங்கிருந்து டவுன்லோட் செய்வது?

எதை பேக்கப் எடுப்பது?

லினக்ஸில் உங்கள் போட்டோ, பாட்டு, கடிதம் எல்லாம் பொதுவாக ஹோம் என்ற ஃபோல்டரில்தான் இருக்கும். பிரவுசரின் புக்மார்க்குகள்கூட அதற்குள் மறைந்திருக்கும் ஃபோல்டர்களில் உள்ளன. கண்ட்ரோல் + ஹெச் அழுத்தினால் அவை தெரியும். எனவே ஹோம் ஃபோல்டர் முழுவதையும் பேக்கப் எடுப்பதே நல்லது.

லினக்ஸ் மின்ட் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: அதில் வரும் டைம்ஷிஃப்ட், சிஸ்டம் ஃபைல்களை மட்டுமே காக்கும். நாமாக மாற்றாதவரை ஹோம் ஃபோல்டரில் உள்ள உங்கள் ஃபைல்களை அது சேர்க்காது. 'அதுதான் ஓடுகிறதே' என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

எப்படி எடுப்பது?

உபுண்டு போன்றவற்றில் டேஜா டூப் என்ற இலவச புரோகிராம் எளிதானது. மெனுவில் இது பேக்கப்ஸ் என்ற பெயரில் இருக்கும். இல்லையென்றால் சாஃப்ட்வேர் ஸ்டோரில் தேடி இன்ஸ்டால் செய்யவும்.

1. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை யூஎஸ்பி போர்ட்டில் செருகவும்.

2. சேர்க்க வேண்டிய ஃபோல்டராக ஹோம் இருக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டர் விலக்கப்பட்ட பட்டியலில் இருக்கும். மார்க் ஷீட், ரசீது போன்றவற்றை அதில் வைத்திருந்தால், பட்டியலிலிருந்து அதை நீக்கிவிடவும்.

3. சேமிக்கும் இடமாக எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கவும். அதே கம்ப்யூட்டரின் டிஸ்க்கில் எடுக்கும் காப்பி, டிஸ்க் போனால் சேர்ந்தே போகும்.

4. பாஸ்வேர்டு கொடுத்தால் ஒரு நோட்டில் எழுதி வைக்கவும். மறந்தால் பேக்கப்பைத் திறக்க முடியாது.

5. வாரம் ஒரு முறை தானாக எடுக்கும்படி அமைக்கவும். முதல் முறை நேரமாகும். அடுத்தடுத்து, மாறியவை மட்டுமே பெரும்பாலும் சேர்வதால் சீக்கிரம் முடியும்.

வேறு ஊரில் ஒரு காப்பி

மூன்று காப்பிகள், இரண்டு வகை சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. இதை 3-2-1 விதி என்பார்கள். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து, ஒரே வீட்டில் ஏழு பேர் பலியானதை நாம் மறக்க முடியாது. அந்த மாதிரி நேரத்தில் கம்ப்யூட்டரைத் தேடிக்கொண்டு நிற்காமல் உடனே வெளியேற வேண்டும். போளூரிலோ ஆரணியிலோ உள்ள உறவினர் வீட்டில் இன்னொரு டிஸ்க் இருந்தால், எதையும் யோசிக்காமல் கிளம்பலாம். ஊருக்குப் போகும்போதெல்லாம் அதைப் புதுப்பித்து வாருங்கள்.

திறந்து பாருங்கள்

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, பேக்கப்பிலிருந்து ஒரு போட்டோவை வேறு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து திறந்து பார்க்கவும். படம் சரியாகத் தெரிந்தால்தான் அது பேக்கப். இந்த ஞாயிற்றுக்கிழமையே முதல் பேக்கப்பை எடுத்துவிடுங்கள்.