மலைநகரில் தொலைவழி உழைப்பு: கில்கிற் நகரை முன்வைத்து ஒரு நோக்கு

தொலைவழி உழைப்பினைப் போற்றுவோர் அதனை இடத்தின் தளையிலிருந்து விடுபட்ட உழைப்பு என்பர். கணினியும் இணையமும் இருப்பின் எவ்வூரிலிருந்தும் உலகச் சந்தைக்கு உழைக்கலாம் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தினைப் பாக்கிஸ்தானின் பெருநகரங்களில் அன்றி, அதன் நிர்வாகத்தின் கீழுள்ள வடபுல மலைநகராகிய கில்கிற்றில் வைத்து ஆராய்தல் பயனுடையது.

கராக்கோரம் மலைகளிடையே ஏறத்தாழ 1500 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது இந்நகர். ராவல்பிண்டியிலிருந்து சீன எல்லையிலுள்ள குஞ்செராப் கணவாய் வரை 820 கிலோமீற்றர் நீளும் ஒளியிழை வடம் 2018இல் தொடக்கிவைக்கப்பட்டது. அது இப்பிரதேசத்தை ஊடறுத்தே செல்கின்றது. ஆயினும், வடம் ஊரைக் கடந்து செல்வது வேறு. அது வீட்டை வந்தடைவது வேறு. 2020இல் கொரோனா முடக்கத்தின்போது, இணையவழி வகுப்புகளில் பங்குபற்ற இயலாத இப்பிரதேச மாணவர்கள் முறையான இணைய வசதி கோரி வீதியில் இறங்கினர்.

இணையத்தினும் அடிப்படையானது மின்சாரம். இப்பிரதேசம் தேசிய மின்வலையமைப்புடன் இணைக்கப்படவில்லை. சிறு நீர்மின் நிலையங்களையே பெரிதும் நம்பியுள்ளது. மாரியில் பனியாறுகள் உருகுவது குறைய, ஓடைகளின் நீர்வரத்தும் குறைகின்றது. குளிர்காய்வதற்கு மின்சாரம் மிகத் தேவைப்படும் காலமும் அதுவே. நாளில் பெரும்பகுதி மின்வெட்டு நிலவுவது இம்முரண்பாட்டின் விளைவாகும். 2025 ஜனவரியில் அயலிலுள்ள ஹுன்சா மக்கள் இதனை எதிர்த்து, கராக்கோரம் நெடுஞ்சாலையில் கடுங்குளிரிலும் பல நாட்கள் மறியல் செய்தனர்.

இங்கு நேரக் கணக்கொன்றையும் நோக்குதல் வேண்டும். மாரியில் நியூயோர்க்கின் காலை 9 மணி, கில்கிற்றில் இரவு 7 மணி. அங்குள்ள நிறுவனமொன்றின் அலுவலக நேரத்திற்கு உழைப்பவரின் வேலைநாள், ஊரிலே மின்தேவை உச்சமடையும் வேளையில் தொடங்கி அதிகாலை 3 மணிக்கு முடிகின்றது. மின்சாரம் நின்றால் வேலையும் நிற்கும். எனவே மின்கலம், சூரியத் தகடு, மேலதிக இணைய இணைப்பு ஆகியவற்றை அவர் தம் கைப்பணத்திலேயே வாங்குகின்றார். பேபால் சேவை பாக்கிஸ்தானில் இயங்காமையால், ஊதியத்தைப் பெறவும் வேறு இடைத்தரகு நிறுவனங்களுக்குக் கட்டணம் செலுத்துகின்றார்.

தொழிற்சாலையில் கட்டடத்துக்கும் விளக்குக்கும் இயந்திரத்துக்குமான செலவு முதலாளியைச் சார்ந்தது. இங்கோ அச்செலவு உழைப்பவரின் தலையில் விழுகின்றது. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்தில், வீட்டுக் கைத்தொழிலைத் தொழிற்சாலையின் வெளிப்பகுதியாக மார்க்ஸ் விளக்கினார். துண்டுவேலைக் கூலிக்குக் கணினியில் உழைப்போரின் நிலையும் அத்தகையதே. மின்வெட்டில் இழந்த மணிகளுக்குக் கூலியில்லை.

இவ்வுழைப்பினை நாம் நிராகரிக்கவில்லை. கற்ற இளைஞர் தொழில்தேடிக் கராச்சிக்கோ இஸ்லாமாபாத்திற்கோ பெயராது ஊரிலே வாழவும், வெளியே சென்று தொழில்செய்ய இயலாத பெண்கள் தமக்கென வருவாய் ஈட்டவும் அது வழிசெய்கின்றது. ஆயின், மின்கலம் வாங்க வசதியுள்ளவரே இவ்வாய்ப்பினை முழுமையாகப் பெறுவர். ஏனையோர் இருளிலேயே இருப்பர். மின்சாரமும் இணையமும் தனியார் கைப்பணத்தால் தீர்க்கக்கூடியன அல்ல. அவை சமூகத்தின் பொதுத் தேவைகள். அவற்றைக் கோரும் இப்பிரதேச மக்களுக்கோ நாடாளுமன்றத்தில் ஓர் ஆசனமும் இல்லை. உழைப்பு இடத்தை வென்றுவிட்டது என்போர், கில்கிற்றின் மாரி இரவொன்றை எண்ணிப் பார்த்தல் தகும்.