சர்வருக்கு நாடி பார்ப்பவர்கள்

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய 6 மணி நேரம் உலகம் முழுக்க முடங்கின. தரவு மையங்களை இணைக்கும் முதன்மை வலையமைப்பின் கொள்ளளவை அளக்கப் பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளை, இணைப்புகள் அத்தனையையும் துண்டித்துவிட்டது. அதைத் தடுத்திருக்க வேண்டிய தணிக்கைக் கருவியிலும் பிழை.

அடுத்து நடந்ததுதான் விசித்திரம். ஃபேஸ்புக் என்ற பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்களுக்கு ஒரு நலப் பரிசோதனை விதி இருந்தது: தரவு மையத்தோடு பேச முடியாவிட்டால் இணையத்தில் தன் இருப்பை அறிவிப்பதை நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு சர்வருக்கு நல்ல விதிதான். அன்று எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தில் அதைக் கடைப்பிடித்தன. அவை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தும் யாராலும் அவற்றை எட்ட முடியவில்லை. கடைசியில் பொறியாளர்களை நேரில் தரவு மையங்களுக்கே அனுப்பவேண்டி வந்தது.

இந்தப் பரிசோதனையை ‘ஹெல்த் செக்’ என்பார்கள். செயலியில் இதற்கென ஒரு முகவரி இருக்கும். அதைத் தட்டினால் நலம் என்பதற்கு 200, இப்போது முடியாது என்பதற்கு 503 என்று எண் வரும். எழுத நாலு வரி நிரல் போதும். அந்த 200-ஐச் சொல்வதற்கு முன் எதையெல்லாம் சோதிப்பது, பதிலை வைத்து என்ன செய்வது என்பதில்தான் மண்டை காய்கிறது.

கண்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் செயலிகளை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ், இதில் முக்கியமாக இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. ‘லைவ்னெஸ்’ கேட்பது, உயிர் இருக்கிறதா என்று. இல்லையென்றால் கண்டெய்னரை மறுபடி தொடங்கிவிடும். ‘ரெடினெஸ்’ கேட்பது, வேலை வாங்கத் தயாரா என்று. இல்லையென்றால் கோரிக்கைகளை மட்டும் அனுப்பாது. நாம் எதையும் மாற்றாவிட்டால் 10 விநாடிக்கு ஒருமுறை கேட்கும், பதிலுக்கு 1 விநாடி பொறுக்கும், தொடர்ந்து 3 முறை தவறினால் நடவடிக்கை எடுக்கும்.

பலரும் வழுக்கி விழும் இடம், லைவ்னெஸ் சோதனைக்குள் டேட்டாபேஸையும் இழுத்துவிடுவது. டேட்டாபேஸ் அரை நிமிடம் திணறினால் போதும், பழுதே இல்லாத செயலிகள் எல்லாம் கொல்லப்பட்டு மீண்டும் எழும். எழுந்ததும் ஒரே நேரத்தில் அதே டேட்டாபேஸின் மேல் பாயும். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சமையல்காரரை மாற்றுவது போன்ற வேலை இது. லைவ்னெஸ் சோதனை எவ்வளவு அசடாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

ஆனால் ஆம், இல்லை என்ற பதில் வேகத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்குத்தான் கண்காணிப்பு. சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012-இல் பிறந்த புரோமிதியஸ் என்ற கருவி, குறித்த இடைவெளியில் ஒவ்வொரு செயலியிடமும் தானே போய் எண்களைக் கேட்டு வாங்கும்: எத்தனை கோரிக்கைகள், எத்தனை பிழைகள், எவ்வளவு தாமதம். இதில் சராசரியை நம்பக் கூடாது. 100 கோரிக்கைகளில் 95-க்கு 0.1 விநாடியும் மீதி 5-க்கு 10 விநாடியும் ஆனால், சராசரி 0.6 விநாடியைக்கூடத் தொடாது. அந்த ஐந்து பேரோ அதற்குள் பக்கத்தை மூடிவிட்டுப் போயிருப்பார்கள்.

எச்சரிக்கை எழுந்தாலும் அது ஆளிடம் போய்ச் சேர வேண்டுமே! 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்துவிட்டார். காப்பு நகலைத் தேடினால், அதை எடுக்கும் நிரல் வெகுநாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை மின்னஞ்சல் கிளம்பத்தான் செய்தது. முறையான அடையாளச் சான்று இல்லாததால் அஞ்சல் சர்வர் அதைத் திருப்பிவிட்டது. ஆறு மணி நேரத்துக்கு முன், வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்த நகல் ஒன்றுதான் காப்பாற்றியது.

எச்சரிக்கை இப்படி வழியில் தொலைவதைக் கண்டுகொள்ள, புரோமிதியஸ் பயனர்கள் பலர் ‘வாட்ச்டாக்’ என்ற எச்சரிக்கையை வைத்திருக்கிறார்கள். எல்லாம் சரியாக இருக்கும்போதும் அது ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும். வெளியில் வேறொரு சேவை அதைக் கேட்டுக்கொண்டிருந்து, சத்தம் நின்றுவிட்டால் பொறியாளரின் கைபேசியை அழைக்கும்.